கையளவு வரலாறு: முழுக்கை மெகந்தியின் காலமும் கருவியும் உழைப்பும்

மெகந்தியின் வரலாற்றைத் தேடும் மாணவர் எவரும் முதலில் எதிர்கொள்வது இரண்டு வாக்கியங்களை. ஒன்று, "மெகந்தி ஐயாயிரம் ஆண்டுப் பழைமையுடைய வேதகாலக் கலை" என்பது. மற்றொன்று, "12ஆம் நூற்றாண்டில் முகலாயர் மெகந்தியை இந்தியாவுக்குக் கொண்டுவந்தனர்" என்பது. அழகு நிலைய விளம்பரங்களிலும் திருமணச் சிறப்பிதழ்களிலும் இவை ஒன்றையொன்று பார்த்து எழுதப்பட்டுப் பெருகியுள்ளன. இரண்டையும் ஒரே பத்தியில் அடுத்தடுத்து வைத்துவிட்டு, அவற்றுக்கிடையேயான முரணைக் கவனியாது கடந்துபோகும் எழுத்துகளும் உண்டு.

இரண்டாம் வாக்கியத்தை மறுக்கப் பள்ளிப் பாடநூலே போதும். பாபர் பானிபட்டில் வென்றது 1526இல். 12ஆம் நூற்றாண்டில் முகலாய அரசு என்ற ஒன்றே இல்லை. முதல் வாக்கியத்தை ஆராய்வதற்குச் சற்று உழைப்பு வேண்டும். ஏனெனில் அது, ஒரு செடியின் பழைமையையும் ஒரு சாயத்தின் பழைமையையும் ஒரு வடிவக்கலையின் பழைமையையும் ஒன்றாகக் கட்டி ஒரே மூட்டையாக நம்முன் வைக்கிறது. இவை மூன்றும் வெவ்வேறு வயதுடையவை. செடி மிகத் தொன்மையானது; சாயமிடும் வழக்கமும் பழையது; மணிக்கட்டைக் கடந்து முழங்கை வரை இடைவெளியின்றி நிறைக்கும் இன்றைய 'புல் ஹேண்ட்' மெகந்தியோ, அதன் மெல்லிய கோடுகளுடன், 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முழுவடிவம் பெற்றது. இக்கட்டுரை அம்மூட்டையை அவிழ்க்கும் முயற்சி.

1. செடியும் சாயமும்

தாவரவியலில் இச்செடிக்கு லாசோனியா இனெர்மிஸ் என்று பெயர். 1753இல் லின்னேயஸ் இட்ட பெயர் இது. லின்னேயஸின் முதல் பெருநூல் அச்சேறப் பொருளுதவி செய்த ஸ்காட்லாந்து மருத்துவர் ஐசக் லாசனின் நினைவாக 'லாசோனியா' என்ற பேரினப் பெயர் அமைந்தது. 'இனெர்மிஸ்' என்றால் முள்ளற்றது. ஆனால் முதிர்ந்த செடியில் முள் தோன்றும். அதனாலேயே லின்னேயஸ் அதே நூலில் முள்ளுடையதைத் தனி இனமாகக் கருதி வேறொரு பெயரும் இட்டார். பின்வந்தோர் இரண்டும் ஒன்றே எனத் தெளிந்தனர். ஒரே செடி இரு பெயர்களில் உலவுவது இதன் வரலாற்றில் புதிதன்று என்பதற்கு இதனை ஒரு முன்னறிகுறியாகக் கொள்ளலாம்.

இலையிலுள்ள லாசோன் என்னும் மூலக்கூறே சிவப்புக்குக் காரணம். இலையை அரைத்துச் சற்றே புளிப்பான நீரில் குழைக்கும்போது லாசோன் விடுபட்டுத் தோலின் மேலடுக்கிலுள்ள கெரட்டின் என்னும் புரதத்தோடு பிணைகிறது. நம் வீடுகளில் புளியும் எலுமிச்சையும் சேர்க்கும் வழக்கத்தின் வேதியியல் இதுவே. பூச்சை உரித்தவுடன் நிறம் இளஞ்செம்மஞ்சளாக இருக்கும். ஓரிரு நாளில் காற்றுப்பட்டுக் கருஞ்சிவப்பாக முதிரும். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் மேலடுக்கு தடித்திருப்பதால் அங்கே நிறம் ஆழமாகவும், புறங்கையிலும் முன்கையிலும் வெளிறியும் அமைகிறது. தோல் உதிர உதிர இரண்டு மூன்று வாரங்களில் கோலம் மறைந்துவிடும்.

இவ்வேதியியலை இங்கே எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. மெகந்தி ஒரு வண்ணப்பூச்சு அன்று. தூரிகையால் தீட்டி உடனே உலரவிடும் கலை அன்று. ஒவ்வொரு கோடும் ஈரம் குன்றாமல் பல மணிநேரம் தோலின்மேல் கிடந்தால்தான் நிறம் இறங்கும். ஆகவே இக்கலைக்குரிய முதன்மையான மூலப்பொருள்கள் இரண்டு: ஒன்று இலை, மற்றொன்று அசையாமல் இருக்கக் கிடைக்கும் நேரம். இந்த இரண்டாம் மூலப்பொருளைப் பின்னர்க் காண்போம்.

2. பெயர்கள் தரும் சான்றும் தராத சான்றும்

வடமொழி மருத்துவ நூலான சுஸ்ருத சம்ஹிதையில் 'மதயந்திகா' என்றொரு செடி இடம்பெறுகிறது. அதனை மருதோன்றி என்று அடையாளம் காண்போர் உளர். ஆனால் அகராதிகள் அதே சொல்லுக்கு ஒருவகை மல்லிகை என்றும் பொருள் தருகின்றன. 'மேந்திகா' முதலிய சொற்களும் வடமொழி அகராதிகளில் உள்ளன. இன்றைய 'மெகந்தி' அவ்வழியிலிருந்து வந்ததென்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. அரபியிலும் பாரசீகத்திலும் வழங்கும் 'ஹின்னா', 'ஹினா' என்னும் பெயர் இதற்குத் தொடர்பற்றது. முகலாயர் கொண்டுவந்த பொருளாயின் அவர்களது அவைமொழிப் பெயரே வடஇந்திய வீடுகளில் நிலைத்திருக்க வேண்டும். ஆனால் நிலைத்ததோ வடமொழி வழிவந்த பெயர். 'ஹினா' கவிதையிலும், கன்னோஜ் அத்தர் வணிகரின் புட்டியிலும், அரண்மனைச் சடங்கின் பெயரிலும் தங்கியது.

தென்னகத்துப் பெயர்களும் கருதத்தக்கவை. தமிழில் மருதோன்றி, மருதாணி, அழவணம், ஐவணம், தெலுங்கில் கோரிண்டாகு, கன்னடத்தில் மதரங்கி, மலையாளத்தில் மயிலாஞ்சி. இவற்றுள் எதுவும் 'மெகந்தி'யிலிருந்தோ 'ஹினா'விலிருந்தோ பிறந்ததாகத் தோன்றவில்லை. வடக்கின் அரசவை வழியாக அன்றித் தெற்கு இச்செடியைத் தன்வழியில் அறிந்திருந்தது என்று கொள்ள இது இடந்தருகிறது. எனினும் ஆய்வு மாணவர்கள் இங்கே எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். செடிப்பெயர்கள் இடம்பெயர்பவை. சிவந்த பூவோ சிவந்த சாயமோ தரும் ஒரு செடியின் பெயர், பின்னர் வந்த மற்றொரு செடிக்கு ஏறிவிடுவதுண்டு. பெயர் பழையதாக இருப்பதால் பொருளும் பழையதென்று முடிவு கட்டுதல் ஆகாது.

இத்தகைய எச்சரிக்கையோடு இத்துறையில் முதலில் உழைத்தவர் புனே பண்டார்கர் கீழ்த்திசை ஆய்வு நிறுவனத்தின் காப்பாளராக இருந்த பி.கே. கோடே. வடமொழி, மராத்தி, பாரசீகம் எனச் சிதறிக்கிடந்த குறிப்புகளைத் தொகுத்துக் காலவரிசையில் அடுக்கி, 1940களின் பிற்பகுதியில் மெகந்தியின் வரலாறு பற்றித் தனிக் கட்டுரை எழுதினார். அழகுப்பொருள்கள், நறுமணங்கள், உணவு, தாவரம் என அன்றாடப் பொருள்களுக்கும் வரலாறு உண்டென்று கருதிய அறிஞர் அவர். இன்று இணையத்தில் உலவும் எழுத்துகளுள் பெரும்பாலானவை அவரைக் கண்டதேயில்லை என்பது நம் கல்விச்சூழலின் நிலை.

3. சிவப்பு அனைத்தும் மருதோன்றி அன்று

"அஜந்தா ஓவியத்தில் மெகந்தி இருக்கிறது" என்பது அடிக்கடி எடுத்தாளப்படும் மற்றொரு சான்று. இதனை ஆராயும்முன் ஒரு வினாவை எழுப்பியாக வேண்டும். ஓவியத்திலுள்ள சிவந்த கை எந்தச் செடியால் சிவந்தது?

பழைய இந்தியாவில் கைகால்களைச் சிவப்பாக்கிய பொருள் மருதோன்றி மட்டுமன்று. அரக்குப் பூச்சியிலிருந்து பெறும் அலக்தகம் மிகப் பரவலாக வழங்கியது. காளிதாசனின் காவியங்களில் பெண்களின் பாதத்தைச் சிவப்பிப்பது இந்த அரக்குச் சாயமே. வங்கத்தில் 'ஆல்தா' என்றும், இந்தி வழங்கும் நிலங்களில் 'மஹாவர்' என்றும் அவ்வழக்கம் இன்றும் தொடர்கிறது. நம் செம்பஞ்சுக் குழம்பும் இவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கதே. அரக்குச் சாயம் தீட்டியவுடன் சிவக்கும். கழுவினால் விரைவில் போகும். மருதோன்றி காத்திருந்து சிவக்கும், கழுவினாலும் தங்கும். வாழ்வில் இவை வேறு. ஓவியத்தில் இரண்டும் ஒரே சிவப்பு. ஆகவே சுவரோவியத்தில் ஒரு சிவந்த விரலைக் கண்டு அதற்கு மெகந்தி என்று பெயரிடுவது வரலாற்றுச் சான்றாகாது.

அபுல் பசலின் ஆயின்-இ-அக்பரி, பெண்ணின் பதினாறு ஒப்பனைகளை வரிசைப்படுத்தும்போது கைகளுக்குச் சாயமேற்றுவதையும் ஒன்றாகச் சேர்க்கிறது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் கைச்சிவப்பு ஒப்பனையின் இலக்கணத்தில் இடம்பெற்றுவிட்டது என்பதற்கு இது உறுதியான சான்று. கையில் எத்தகைய கோலம் இடப்பட்டது என்பதற்கு இது சான்றாகாது. சாயம் என்பது நிறம். கோலம் என்பது வடிவம். இந்த வேறுபாட்டைத் தவறவிடும் இடத்திலேயே மெகந்தி வரலாறுகள் பெரும்பாலும் வழிதவறுகின்றன.

4. அரண்மனை, இல்லம், ஊர்வலம்

1633இல் ஷாஜகானின் மூத்த மகன் தாரா ஷுகோவுக்கும் நாதிரா பானு பேகத்துக்கும் நடந்த திருமணத்தில் 'ஹினாபந்தி' எனப்படும் மருதோன்றி நிகழ்ச்சி தனியொரு மாலையாக வாணவேடிக்கைகளுடன் கொண்டாடப்பட்டதை ஷாஜகான் கால அரசவைக் குறிப்புகள் பதிவு செய்கின்றன. இங்கு நாம் காண்பது ஒரு சாயம் சடங்காக உயர்ந்து, அச்சடங்குக்கென ஒரு நாளும் ஒரு பெயரும் பெற்றுவிட்ட நிலையை. அது மணமகளுக்கு மட்டும் உரியதாகவும் இல்லை, மணமகனுக்கும் உரியது.

ஏறத்தாழ இருநூறாண்டு கழித்து, 1832இல் லண்டனில் வெளிவந்த 'கானூன்-இ-இஸ்லாம்' என்ற நூல் இதே சடங்கைச் சாதாரண இல்லங்களில் காட்டுகிறது. தெலுங்கு நாட்டின் ஏலூரைச் சேர்ந்த ஜாபர் ஷரீப், தக்காண இஸ்லாமியரின் பழக்கவழக்கங்களைத் தொகுத்து எழுத, மதராஸ் மாகாண மருத்துவப் பணியிலிருந்த ஹெர்க்லாட்ஸ் அதனை ஆங்கிலப்படுத்தினார். திருமணத்தில் மஞ்சளும் மெகந்தியும் இரு வீட்டாரிடையே பரிமாறப்படும் முறையை அந்நூல் விரிவாகச் சொல்கிறது. மஞ்சள் நலங்கும் மருதோன்றியும் அடுத்தடுத்த சடங்குகளாக இணைந்திருப்பதை நோக்கும்போது, எது எவருடையது என்று பிரித்துக் கூறுவது எத்துணைக் கடினம் என்பது விளங்கும்.

மெகந்தி மகிழ்ச்சிக்கு மட்டும் உரியதாகவும் இருந்ததில்லை. கர்பலாவில் உயிர்நீத்த இளைஞர் காசிமின் நிறைவேறாத மணவாழ்வை நினைந்து, முஹர்ரம் ஏழாம் நாளில் ஷியா இஸ்லாமியர் மெகந்தி ஊர்வலம் எடுக்கின்றனர். லக்னோவில் பெரிய இமாம்பாராவிலிருந்து சிறிய இமாம்பாராவுக்குச் செல்லும் அரச மெகந்தி ஊர்வலம் இவ்வகையினது. மணத்தின் அடையாளமான பொருள் அங்கே துயரின் அடையாளமாகிறது. கேரளத்து மாப்பிள்ளை இல்லங்களின் மயிலாஞ்சி இரவு, தெலுங்கு நாட்டின் ஆஷாட மாதக் கோரிண்டாகு, ராஜஸ்தானின் தீஜ், கங்கௌர் நோன்புகள், வடநாட்டுக் கர்வா சௌத் என ஒவ்வொரு நிலமும் தன் காலக்கணக்கில் இவ்விலைக்கு ஒரு நாளை ஒதுக்கியுள்ளது. இத்தனை நாள்களையும் ஒரே தொடக்கப் புள்ளிக்கு இழுத்துச் செல்லும் முயற்சி வரலாறு ஆகாது.

இக்காலத்தில் கையில் இருந்த வடிவம் யாது? 17, 18ஆம் நூற்றாண்டுகளின் முகலாய, ராஜபுத்திர நுண்ணோவியங்களில் பெண்களின் விரல் நுனிகள் சிவந்திருப்பதைப் பரக்கக் காணலாம். சாயமேற்றிய விரல் நுனியைப் பாரசீகக் கவிமரபு 'பந்துக்' என்று ஒரு கொட்டையின் பெயரால் அழைத்தது. விரல்நுனித் தொப்பியும் உள்ளங்கை வட்டமும் நம் பாட்டிமார் இட்ட மருதாணியின் வடிவமும் ஆகும். ஆடையின் ஒவ்வொரு பூவையும் மயிரிழைத் தூரிகையால் தீட்டிய அவ்வோவியர், பின்னிப் பிணைந்த கொடிக்கோலங்கள் நிறைந்த கையை வழக்கமாகத் தீட்டவில்லை என்பது கவனத்துக்குரியது. ஓவியங்களில் பெரும்பாலும் புறங்கையே தெரிவதால், இதனை மட்டும் கொண்டு உள்ளங்கைக் கோலமே இல்லை என்று முடிவுசெய்ய இயலாது. ஆயினும் முழங்கை வரை நிறைத்த கை அக்காலத்து வழக்கமாயிருந்தால் அது புறங்கையிலும் முன்கையிலும் தெரிந்தே தீரும்.

5. தரையிலிருந்து உள்ளங்கைக்கு

கோலத்தின் வரலாற்றுக்கு வேறொரு வாயில் உண்டு. ராஜஸ்தானத்துப் பெண்கள் செம்மண் மெழுகிய தரையிலும் சுவரிலும் வெண்சுண்ணத்தால் வரையும் கோலத்துக்கு 'மாண்டணா' என்று பெயர். ஜோகேந்திர சக்சேனா 1979இல் வெளியிட்ட ராஜஸ்தானக் கலை பற்றிய நூலில் மெகந்தியையும் தரைக்கோலத்தையும் ஒருசேர வைத்து ஆராய்ந்தார். இவ்விணைப்பே அந்நூலின் பெரும்பயன். ஒரே பெண், அதே பண்டிகையின்போது, தரையில் இடும் வடிவத்தையே சுருக்கி உள்ளங்கையில் இடுகிறாள். தரையும் உள்ளங்கையும் அவளுக்கு இரண்டு அளவிலான ஒரே பரப்பு.

அவ்வடிவங்களின் பெயர்களைக் கேட்டாலே அவ்வுலகம் விளங்கும். சௌபட் எனப்படும் தாயக்கட்டம். பீஜ்ணி எனப்படும் விசிறி. கேரி எனப்படும் மாங்காய். லஹரியா எனப்படும் அலைக்கோட்டுச் சேலை. தீஜ் பண்டிகையின் இனிப்பான கேவர். தேள், மயில், கிளி, பூரணகும்பம். இவை அரண்மனைத் தோட்டத்திலிருந்து வந்தவையல்ல. அடுக்களை, ஆடைப்பெட்டி, திண்ணை விளையாட்டு ஆகியவற்றிலிருந்து வந்தவை. வெயில் சுடும் பருவத்துக்கு விசிறியும் மழைக்காலப் பண்டிகைக்கு அதன் பலகாரமும் கையில் ஏறுகின்றன. உள்ளங்கை ஒரு பருவநாட்காட்டியாக இருந்தது எனலாம்.

இக்கோலங்கள் உள்ளங்கையின் நடுவில் ஒரு கட்டமாகவோ வட்டமாகவோ அமைந்து, சுற்றிலும் புள்ளியும் கோடும் பெற்றவை. ஈர்க்குக் குச்சி, தீக்குச்சி, விரல் நுனி ஆகியவையே கருவிகள். குச்சியின் நுனியில் எடுத்த குழம்பு எவ்வளவு மெல்லியதோ அவ்வளவே கோடு மெல்லியதாகும். ஒவ்வொரு சிறு கோட்டுக்கும் குச்சியை மீண்டும் குழம்பில் தோய்க்க வேண்டும். கருவியின் இவ்வரம்பு வடிவத்தின் வரம்பாகவும் இருந்தது.

6. இட்டவர் யார்? காத்திருந்தவர் யார்?

கலை வரலாறுகள் பெரும்பாலும் கோலத்தைப் பார்க்கின்றன. இட்ட கையைப் பார்ப்பதில்லை. பண்டிகை நாளில் தாயும் அக்காளும் அண்டைவீட்டாரும் ஒருவருக்கொருவர் இட்டுக்கொண்டனர். திருமணத்திலோ வடநாட்டு ஊர்களில் இப்பணி பெரும்பாலும் 'நாயின்' எனப்படும் நாவிதர் குலப் பெண்ணுடையது. மணமகளுக்கு நலங்குமாவு தேய்ப்பது, கூந்தல் முடிப்பது, காலுக்கு மஹாவர் தீட்டுவது, கைக்கு மெகந்தி இடுவது ஆகியவை அவளது குடிமுறைக் கடமைகள். ஊதியம் 'நேக்' என்ற பெயரில் தானியமாகவும் துணியாகவும் சிறுபணமாகவும் வழங்கப்பட்டது. அதனை வழங்கியோர் அன்பளிப்பு என்றனர். அவள் அதனை உரிமையாகக் கருதினாள். இவ்விரு பார்வைக்கும் இடையே ஒவ்வொரு திருமணத்திலும் ஒரு பேரம் நடந்தது. மணமகளின் உடலைத் தொட்டு அலங்கரிக்கும் உரிமை பெற்ற அப்பெண், அதே வீட்டுப் பந்தியில் சமமாக அமரும் உரிமை பெற்றவள் அல்லள். சாதியச் சமூகத்தில் தொடுகை என்பது பணியாக இருக்கும்வரை ஏற்கப்படும். உறவாக மாறும்போது மறுக்கப்படும். மெகந்தியின் வரலாறு இதற்கு விலக்கன்று.

இனி, முன்னர்க் குறிப்பிட்ட நேரத்துக்கு வருவோம். "காலில் மெகந்தி இட்டிருக்கிறாயா?" என்பது இந்தி பேசும் வீடுகளில் எழுந்து நடக்காதவரைப் பார்த்துக் கேட்கும் கேள்வி. அந்தக் கிண்டலுக்குள் ஒரு சமூக உண்மை உள்ளது. கைகால் நிறைய மெகந்தி இட்டவளால் தண்ணீர் எடுக்க முடியாது. அடுப்பு மூட்ட முடியாது. தன் கையால் உண்ணவும் முடியாது. அவளுக்கு ஊட்டவும் விசிறவும் பிறர் வேண்டும். ஆகவே நிறைத்த கை என்பது வேலையிலிருந்து பெற்ற விடுப்பின் அளவு. மெகந்தி மங்கும்வரை புதுமணப்பெண்ணுக்கு வீட்டுவேலை தரலாகாது என்ற வழக்கை இவ்வகையில் நோக்கலாம். ஓயாது உழைக்கும் வாழ்வு தொடங்குமுன் கிடைத்த சில நாள் ஓய்வை, கையில் எழுதிவைத்த சான்று அது. நிறம் ஆழ்ந்தால் மாமியாரின் அன்பு மிகுதி என்னும் நம்பிக்கையையும் இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டும். புகுந்த வீட்டில் தனக்குக் காத்திருப்பது யாது என்பதை அறிய ஒரு பெண்ணிடம் இருந்த ஒரே கருவி அவளது உள்ளங்கையின் நிறமாக இருந்திருக்கிறது.

7. கோன் செய்த மாற்றம்

20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மூன்று மாற்றங்கள் அடுத்தடுத்து நிகழ்ந்தன.

முதலாவது கருவி. மெல்லிய பிளாஸ்டிக் தாளைக் கூம்பாகச் சுருட்டி, குழம்பை நிரப்பி, நுனியில் ஊசித்துளையிட்டுப் பிதுக்கும் 'கோன்' பரவியது. கேக்கின்மேல் பாலேட்டுப் பூ பிழியும் அதே முறை. குச்சியைத் தோய்த்துத் தோய்த்து வரைந்த இடத்தில், கையை எடுக்காமல் நீளமாகக் கோடிழுக்க முடிந்தது. கோடு நூலளவு மெலிந்தது. மெலிந்ததால் ஒரே பரப்பில் பலமடங்கு வடிவங்களை அடக்க இயன்றது. இயந்திரத்தில் நுண்ணிதாக அரைத்துச் சலித்த பொடி இல்லாமல் கோன் இயங்காது. கையம்மியில் அரைத்த இலைச்சக்கை துளையை அடைத்துவிடும். ஆக, முழுக்கை மெகந்தி என்பது கலைஞரின் கற்பனையால் மட்டும் பிறந்ததன்று. பிளாஸ்டிக் தாளும் மாவு இயந்திரமும் சல்லடையும் சேர்ந்து பெற்ற பிள்ளை.

இரண்டாவது, வடிவங்களின் பயணம். வளைகுடா நாடுகளுடனான தொழிலாளர் போக்குவரத்து பெருகிய பின்னர், இடைவெளி விட்டுக் குறுக்காகப் படரும் பெரும்பூங்கொடிகளைக் கொண்ட 'அரபி' பாணி இந்திய நகரங்களில் பெயர்பெற்றது. அதற்கு எதிர்நிலையில், கட்டங்களாகப் பகுத்து ஒவ்வொன்றையும் நிறைக்கும் முறை 'இந்திய' பாணி, 'மணமகள்' பாணி எனப் பெயர்கொண்டது. மலிவு விலை வடிவப் புத்தகங்கள் கடைத்தெருவில் குவிந்தன. தாயக்கட்டமும் தேளும் பின்வாங்க, பல்லக்கும் யானையும் ஷெனாயும் ராஜா-ராணி முகங்களும் கையேறின. மணமகனின் பெயரெழுத்தைக் கொடிகளுக்கிடையே மறைத்துவைத்துத் தேடச்செய்யும் விளையாட்டும் வழக்கமாயிற்று. பருவநாட்காட்டியாக இருந்த உள்ளங்கை, திருமண நினைவுத் தொகுப்பாக மாறியது.

மூன்றாவது, திரைப்படம். 'ஹம் ஆப்கே ஹைன் கௌன்' (1994), 'தில்வாலே துல்ஹனியா லே ஜாயேங்கே' (1995) போன்ற படங்கள், வடநாட்டுத் திருமணத்தை நாடெங்கும் பார்த்துப் பின்பற்றத்தக்க காட்சியாக்கின. மருதாணியை அரைத்து இட்டுத் துணிசுற்றி உறங்கிய தமிழ்நாட்டில் 'மெகந்தி பங்ஷன்' என்று ஒரு மாலை தோன்றியது இவ்வலையின் தொடர்ச்சியே. இன்று தமிழ் இளையோரின் பேச்சில் மருதாணியும் மெகந்தியும் இரு வேறு பொருள்கள். இலையை அரைத்து இடுவது மருதாணி. கோனால் வரைவது மெகந்தி. ஒரே செடி மீண்டும் இரு பெயர் பெற்றுவிட்டது.

8. சோஜத்தின் வயலும் கறுப்பு மெகந்தியும்

இத்தனை கைகளுக்குமான பொடி எங்கிருந்து வருகிறது? ராஜஸ்தானின் பாலி மாவட்டத்திலுள்ள சோஜத் பகுதியிலிருந்து பெரும்பங்கு வருகிறது. 'சோஜத் மெகந்தி' 2021இல் புவிசார் குறியீடு பெற்றது. மழையை நம்பிய வறண்ட நிலத்தில், ஒருமுறை நட்டால் பல பத்தாண்டுகள் பலன்தரும் புதர்ப்பயிர் இது. மழைக்காலம் முடிந்ததும் அரிவாளால் அடியோடு அறுத்து, உலர்த்தி, இலையைத் தட்டி உதிர்ப்பர். அறுத்த இலைமேல் ஒருமழை பெய்தால் நிறம் குன்றி விலை சரியும். திருமணக் கூடத்தின் சிவப்பு, இங்கே அறுவடைக் கூலியாளின் முதுகின்மேலும், பொடித் தூசு பறக்கும் ஆலையின்மேலும், வானத்தின் மனநிலையின்மேலும் நிற்கிறது.

இயற்கைச் சாயத்துக்கு ஒரு காத்திருப்பு உண்டென்று முன்னரே கண்டோம். சந்தை காத்திருப்பதை விரும்புவதில்லை. ஒருமணி நேரத்தில் கருநிறம் தருவதாகச் சொல்லும் 'கறுப்பு மெகந்தி'யில் பிபிடி எனச் சுருக்கமாக அழைக்கப்படும் தலைமயிர்ச் சாய வேதிப்பொருள் கலக்கப்படுகிறது. இது தோலில் கொப்புளம் உண்டாக்கவும், ஒருமுறை ஒவ்வாமை ஏற்பட்டால் வாழ்நாள் முழுதும் தொடரவும் வல்லது. 2006இல் அமெரிக்கத் தோல்தொடர்பு ஒவ்வாமையியல் சங்கம் இதனையே அவ்வாண்டின் ஒவ்வாப்பொருளாக அறிவித்தது. மருதோன்றி தானாகக் கருமைநிறம் தருவதில்லை என்ற ஒற்றை உண்மையை அறிந்திருந்தால் எத்தனையோ மணமகள்களின் கைகள் தப்பியிருக்கும். வரலாறும் வேதியியலும் ஒருங்கே தரும் நடைமுறைப் பயன் இது.

9. தொடக்கத்தைத் தேடுவதன் அரசியல்

நாயின் பெண்ணின் குடிமுறைப்பணி இன்று கட்டணத் தொழிலாகியுள்ளது. டெல்லி கன்னாட் பிளேசின் அனுமன் கோயில் அருகே வரிசையாக அமர்ந்து மெகந்தி இடும் பெண்களைப் பலரும் அறிவர். கர்வா சௌத் நாளன்று அங்கே நிற்க இடமிராது. சிறுநகரங்களில் கடைவாசலில் முக்காலியிட்டு அமரும் இளைஞர்களும் இத்தொழிலில் உள்ளனர். அவர்களுள் இஸ்லாமியர் பலர்.

2021 ஆகஸ்டில், ஹரியாலி தீஜ் பண்டிகைக்கு முன், உத்தரப் பிரதேசத்தின் முசாபர்நகரில் இஸ்லாமிய ஆண்கள் இந்துப் பெண்களுக்கு மெகந்தி இடக்கூடாதென அறிவித்து, ஓர் அமைப்பினர் கடைகடையாகச் சென்று சோதித்த செய்தி நாளிதழ்களில் வந்தது. தொடக்கத்தில் கண்ட அவ்விரு வாக்கியங்களும் வெறும் தகவல் பிழைகளாக நின்றுவிடாமல் எங்கே சென்று முடிகின்றன என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது. "இது வேதகாலக் கலை" என்பவர், பிறர் கை தன் கையைத் தொடலாகாது என்கிறார். "இது முகலாயர் தந்தது" என்பவர், தரைக்கோலத்தைச் சுருக்கி உள்ளங்கையில் இட்ட ராஜஸ்தானத்துப் பெண்ணை மறந்துவிடுகிறார். இரு தரப்பும் ஒரு தந்தையைத் தேடுகின்றன. சான்றுகளோ வடமொழிப் பெயரையும், பாரசீகச் சடங்குப் பெயரையும், செம்மண் தரையின் வடிவத்தையும், நாவிதர் குலப் பெண்ணின் விரலையும், வளைகுடாவின் கொடியையும், பிளாஸ்டிக் கோனையும் ஒரே உள்ளங்கையில் காட்டுகின்றன. அன்றாடக் கூலிக்கு முக்காலியில் அமர்ந்தவரின் பிழைப்பு இவ்வரலாற்றை எப்படி எழுதுகிறோம் என்பதோடு பிணைந்துள்ளது.

10. மாணவர்க்குச் சில

இத்துறையில் செய்யத்தக்க பணிகள் நிறைய உள. மெகந்திக் கோலம் மூன்று வாரத்தில் மறைவது. அருங்காட்சியகத்தில் வைக்க இயலாதது. ஆகவே அதன் ஆவணங்களை வேறிடங்களில் தேட வேண்டும். 1970கள் முதல் 1990கள் வரையிலான திருமணப் புகைப்படத் தொகுப்புகளில் மணமகளின் கையை ஆண்டுவாரியாக ஒப்பிட்டாலே, குச்சியிலிருந்து கோனுக்கு மாறிய காலம் ஒவ்வொரு ஊருக்கும் தெளிவாகும். கடைத்தெரு வடிவப் புத்தகங்களை எந்த நூலகமும் சேமிக்கவில்லை. அவை பழைய புத்தகக் கடைகளில் எடைக்குப் போகின்றன. நாயின் பெண்களிடமும், சோஜத் அறுவடைப் பெண்களிடமும், கடைவாசல் கலைஞர்களிடமும் வாய்மொழி வரலாறு திரட்டப்பட வேண்டும். தமிழகத்தைப் பொறுத்தவரை, அம்மியில் அரைத்த மருதாணியோடு கொட்டைப்பாக்கும் புளியும் சேர்த்த அளவு, இட்ட நாள், இட்டவரின் உறவுமுறை ஆகியவற்றை அறிந்த மூதாட்டியர் இன்னும் நம்மிடையே உள்ளனர்.

உங்கள் வீட்டுப் பழைய திருமணப் படங்களில் மணமகளின் கை தெரியுமாயின், ஆண்டையும் ஊரையும் கருத்துப் பகுதியில் குறிப்பிடுங்கள். கோலம் இட்டவர் யார் என்று நினைவிருந்தால் அதனையும் சேர்த்தெழுதுங்கள். இவ்வரலாற்றில் பெயரின்றிப் போனவர் அவரே.